புதுப்பிப்பு: எலோத்தே செய்யும்போது கலவை கதிரிலிருந்து வழிவதற்குத் தீர்வு கிடைத்தது

மெக்சிகோவின் தெருக்கடைகளில் கலவை தடவி, சீஸ் சேர்த்து விற்கும் மக்காச்சோளக் கதிரான எலோத்தேயை வீட்டில் செய்யும்போது மயோனைஸ் கலவை கதிரில் நிற்காமல் வழிகிறது என்றும், அதில் சேர்க்கும் உப்பான, உதிரியான மெக்சிகோ சீஸான கோதிஹாவுக்கு மாற்று என்ன என்றும் முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, கதிரை வேகவைக்காமல் தணலில் சுடச் சொன்ன யோசனைதான். உரித்த கதிரை அடிக்கடி திருப்பி, முத்துகளில் ஆங்காங்கே கரும்புள்ளி விழும்வரை 10 முதல் 12 நிமிடங்கள் சுட்டதில் மேலிருந்த ஈரம் முழுவதும் வற்றியது. பிறகு ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, மயோனைஸையும் புளித்த கிரீமையும் சம அளவில் குழைத்து மெல்லிய படலமாகத் தடவியபோது, அது முத்துகளின் இடுக்குகளில் இறங்கி அப்படியே பிடித்துக்கொண்டது. வேகவைத்த கதிரைத் துணியால் துடைப்பது ஓரளவே உதவியது.

கோதிஹாவுக்குப் பதிலாக, உப்புநீரில் ஊறிய ஃபெட்டா சீஸ் மிக நன்றாகப் பொருந்தியது, ஏனெனில் அதுவும் சூட்டில் இழுபடாமல் உதிரியாகவே நிற்கிறது. உப்புநீரை நன்கு வடித்து, தட்டில் உதிர்த்துப் பரப்பி, கதிரை அதன்மேல் உருட்ட வேண்டும். தனியாக உப்பு தேவையில்லை.

எதிர்பாராதது இனிப்பு. மெக்சிகோவில் பெரும்பாலும் இனிப்புக் குறைந்த வெள்ளை மக்காச்சோளமே பயன்படுவதால், ஸ்வீட் கார்னில் செய்பவர்கள் எலுமிச்சைச் சாற்றையும் மிளகாய்த்தூளையும் தாராளமாகவே சேர்க்கலாம்.