சவுத்லாந்து போகும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு: டிரவுட் இருக்கும் தண்ணீரைக் கண்டுபிடிப்பது எப்படி?

விடுமுறைக்கு மணக்குடி வந்திருக்கிறேன். நர்ஸ் வேலைக்கும் பால் பண்ணை வேலைக்கும் நியூசிலாந்தின் தென்கோடியான சவுத்லாந்துக்குப் போகப்போகும் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்து பேசினார்கள். வாடகை, குளிர், கார் எல்லாம் பேசி முடித்ததும், "அண்ணே, அங்கே தூண்டில் போட இடம் உண்டா?" என்றார்கள். உண்டு. அதுவும் ஃபிளை (பூச்சி, பொடிமீன் சாயலில் கட்டிய செயற்கை இரை) போட்டு டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். அங்கே சொந்தத் தேவைக்குக் கடலில் மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டாம். அதை நம்பி ஆற்றிலும் இறங்கிவிடாதீர்கள். டிரவுட்டுக்கு லைசென்ஸ் கட்டாயம். ஃபிஷ் அண்ட் கேம் என்ற அமைப்பு தருகிறது, ஆன்லைனிலேயே எடுக்கலாம். வடக்குத் தீவில் இருக்கும் டாப்போ ஏரி வட்டாரத்துக்கு மட்டும் தனி லைசென்ஸ். நாட்டில் குடியிருப்பவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடுதல். புதிதாக வந்தவர் எந்த வகையில் சேருவார் என்பதை நிபந்தனையில் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பெரும்பாலான ஆறுகளுக்கு அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை சீசன். எத்தனை மீன் எடுக்கலாம் என்பது ஆற்றுக்கு ஆறு மாறும், ஒரே ஆற்றில் மேலும் கீழும்கூட மாறும். விதிப் புத்தகத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த டிரவுட்டை ஒருவருக்குச் சும்மா கொடுக்கலாம், விற்கவே கூடாது. அங்கே மீன்கடையில் டிரவுட் கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் இடம். யாரைக் கேட்டாலும் மட்டாவுரா ஆற்றுக்கு அனுப்புவார்கள். அது நியாயமான பெயர்தான். கோர் என்ற ஊரில் பெரிய டிரவுட் சிலையே வைத்திருக்கிறார்கள். 1867இல் டாஸ்மேனியாவிலிருந்து முட்டையாக வந்த பிரவுன் டிரவுட், இன்று அந்தப் பக்கத்து ஆறுகளில் தானாகப் பெருகி வாழ்கிறது. ஆனால் நம் ஊர்க்காரருக்கு நான் சொல்வது வேறு: முதல் சீசனில் மேலாற்றுக்கு ஓடாதீர்கள், அடியாற்றில் தொடங்குங்கள். இன்வர்கார்கில் பக்கம் ஓரெட்டி, ஃபோர்ட்ரோஸ் பக்கம் மட்டாவுரா கடலைத் தொடும் இடம், இப்படி.

காரணம், அந்தத் தண்ணீரை வாசிக்க உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மேலாற்றில் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும், மீன் உங்களை முதலில் பார்த்துவிடும், புதியவருக்குப் பொறுமை போய்விடும். பொழிமுகம் அப்படி இல்லை. பழையாறு கடலில் சேரும் இடத்தில் வளர்ந்தவனுக்கு கடல் ஏற்றம் எப்போது திரும்பும், கலங்கல் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் எங்கே உரசிக்கொண்டு ஓடும், பொடிமீன் எந்தக் கரையை ஒட்டி ஏறும் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம். அங்கேயும் அதேதான். வசந்தத்தில் ஒயிட்பெயிட் எனப்படும் பொடிமீன் ஏற்றத்தோடு கடலிலிருந்து உள்ளே வரும். கடலுக்குப் போய் வந்து உடம்பு வெள்ளியாக மின்னும் பிரவுன் டிரவுட் அதன் பின்னாலேயே வரும்.

எங்கே நிற்பது? சிறு ஓடை ஆற்றில் சேரும் வாய். கரை அரித்துப் பள்ளமான விளிம்பு. அதிகாலையிலும் அந்தியிலும், ஏற்றம் தொடங்கிய நேரத்தில், ஆற்றின் நடுவைப் பார்க்காமல் கரையோரத்தைப் பாருங்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் பொடிமீன் ஒரு கை அகலத்துக்குச் சிதறித் துள்ளும். அடுத்த கணம் அதன் கீழே தண்ணீர் புடைத்து அடங்கும். அதுதான் டிரவுட். வெள்ளிநிறப் பொடிமீன் சாயலில் கட்டிய ஃபிளையை அந்த இடத்துக்குச் சற்று அப்பால் விழவைத்து, விட்டு விட்டுச் சுண்டி இழுங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும். நாம் ஈயக்குண்டு கட்டி எறிந்தே பழகியவர்கள், குண்டின் கனம் நூலை இழுத்துப்போகும். ஃபிளைக்குக் கனமே கிடையாது. அந்தத் தடித்த லைன்தான் கனம். அதனால் வேகம் கூடாது. பின்னால் வீசி, லைன் முழுக்க நீளும்வரை நிறுத்தி, அப்புறம் முன்னால் கொண்டுவர வேண்டும். தண்ணீருக்குப் போகும் முன் வீட்டுப் புல்வெளியில் பழகுங்கள். அந்த ஊர்க் காற்று பொல்லாதது, ஆகவே ஆறாம் நம்பர் ராட் (தூண்டில் கம்பு) வாங்குங்கள். பழையதே போதும். தண்ணீரின் பளபளப்பை மறைத்து உள்ளே மீனைக் காட்டும் போலராய்டு கண்ணாடிக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள்.

கோடை வந்ததும் மேலே நகருங்கள். டிசம்பரில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், பகல் ஷிஃப்ட் முடிந்தும் போகலாம். மீன் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும், அதனால் கீழிருந்து மேலே நடங்கள். மேஃபிளை பூச்சி எழும் மாலையில் டிரவுட் மெதுவாக மூக்கை நீட்டி உறிஞ்சும். பார்த்த உடனே வெட்டி இழுத்தால் ஃபிளை வாயிலிருந்து வந்துவிடும். அது வாயை மூடிக் கீழே திரும்பட்டும், பிறகு ராடைத் தூக்குங்கள். உங்களுக்கு முன்பே ஒருவர் நின்றால், எந்தப் பக்கம் போகிறார் என்று கேளுங்கள். அவர் ஏறிப்போகும் தண்ணீரில் முந்திப் போய் நிற்பது அங்கே பெரிய மரியாதைக்குறைவு.

"பண்ணை நிலத்தைத் தாண்டித்தானே ஆறு ஓடுகிறது, உள்ளே விடுவார்களா?" என்று ஒரு தம்பி கேட்டான். ஆற்றங்கரை எல்லாம் பொது என்று நினைக்காதீர்கள். ஃபிஷ் அண்ட் கேம் வைத்த மீன்பிடிப்போர் வழிப் பலகை இருந்தால் அதன்படி போகலாம். பொது வழிகளைக் காட்டும் அரசு வரைபடம் ஆன்லைனில் உண்டு. இல்லையென்றால் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். நம் பிள்ளைகள் கூச்சப்பட்டே திரும்பிவிடுகிறார்கள், வேண்டாம். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியே, மூடியிருந்ததை மூடியே விட்டு வாருங்கள்.

இன்னொன்று, இதை மனதார வேண்டிச் சொல்கிறேன். 2004இல் கீழ் வையாவு ஆற்றில் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. அது கற்களைக் கம்பளம் மாதிரி மூடிவிடும். பூட்ஸின் ஈரத்திலேயே ஆறு விட்டு ஆறு பரவும். அதனால் ஃபெல்ட் என்ற கம்பளி மாதிரியான அடிப்பாகம் கொண்ட பூட்ஸுக்குத் தடை, ரப்பர் அடி வாங்குங்கள். வேறு ஆற்றுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் பார்த்து, கழுவி, தொட்டால் ஈரம் இல்லாத அளவுக்குக் காய்ந்தபின் இன்னும் 48 மணி நேரம் விடுங்கள். அந்த ஆறுகள் நமக்கு இடம் கொடுக்கின்றன, நாம் அவற்றைக் கெடுக்கக் கூடாது.

கடலில் நீந்தத் தெரியும் என்ற தைரியத்தில் ஆழத்தில் இறங்காதீர்கள் மக்கா. தண்ணீர் தெளிவாக இருப்பதால் ஆழம் குறைவாகத் தெரியும், குளிர் கைகாலை மரத்துப்போக வைத்துவிடும். வேடர் என்ற தண்ணீர் புகாத நீள்கால்சட்டை போட்டால் இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். ஆற்றின் மேற்பகுதியில் மழை என்றால் அன்று வேண்டாம்.

சமையலுக்கு: டிரவுட் சதை மென்மையானது. புளிமுளம் (நம் ஊர் மீன்குழம்பு) வைத்தால் குழம்பு நன்றாகக் கொதித்தபின் கடைசியில் மீனைப் போட்டு, கரண்டி விடாமல் சட்டியைச் சுற்றி மட்டும் ஆட்டுங்கள்.

எந்த ஊரில் வேலை, எந்த மாதம் போய்ச் சேருகிறீர்கள் என்று எழுதுங்கள். பக்கத்தில் எந்த ஆற்றில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.