96 வயதில் 98 மதிப்பெண்: அது நாலாம் வகுப்புத் தேர்வே இல்லை

எல்லைக்காரி (வேலந்தாவளம்):

நேற்று குழுவில் ஆனைமலைக்காற்று எழுதிய நான்கு வரிகளைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. படிக்காதவர்களுக்காக அப்படியே தருகிறேன்: “ஐம்பது தாண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போவதெல்லாம் போட்டோவுக்கும் சான்றிதழுக்கும்தான். கேரளாவில் 96 வயதுப் பாட்டி நாலாம் வகுப்பு பாஸ் என்று ஊரே கொண்டாடியது. அந்த வயதில் நாலாம் வகுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?”

முதலில் அந்த நாலாம் வகுப்பு. ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டுக் கார்த்தியாயினி அம்மா 2018-இல் எழுதியது நாலாம் வகுப்புத் தேர்வே இல்லை. அது கேரள அரசின் எழுத்தறிவு இயக்கமான சாட்சரதா மிஷன் நடத்திய ‘அட்சரலட்சம்’ தேர்வு. எழுத்தே தெரியாதவர்களுக்கான முதல் படி. நூற்றுக்கு 98 வாங்கினார். வாசிப்பிலும் கணக்கிலும் முழு மதிப்பெண், எழுத்தில் 40-க்கு 38. நாலாம் வகுப்பு அதற்கு அடுத்த படி. ஒருவரைப் பற்றிக் கேலியாக எழுதுமுன் அவர் என்ன தேர்வு எழுதினார் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

அப்புறம் எங்கள் பக்கம், பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையோரம். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி. இங்கே என் வயதுப் பெண்கள் பலர் தமிழ் வழியில் ஆறோ ஏழோ படித்துவிட்டுத் தென்னந்தோப்புக்கும் கடலைக்காட்டுக்கும் வேலைக்குப் போனவர்கள். ரேஷன் கடை அறிவிப்பு மலையாளத்தில். பஸ் போர்டு மலையாளத்தில். ஒரு கடிதம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு யார் வீட்டுத் திண்ணையிலாவது போய் நிற்க வேண்டும். படித்துச் சொல்பவர் முழுதும் சொன்னாரா, தனக்கு வேண்டியதை மட்டும் சொன்னாரா, தெரியாது. இங்கே கையெழுத்துப் போடு என்று விரலால் காட்டிய இடத்தில் போட்டுவிட்டு வருவார்கள். மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுத் தரும் ‘பச்சமலையாளம்’ வகுப்பும், தமிழ் வழியிலேயே எழுதக்கூடிய ‘துல்யதா’ என்கிற சமநிலைப் பத்தாம் வகுப்பும் இவர்களுக்காகத்தான். ஏழாம் வகுப்பு முடித்து 17 வயது ஆகியிருந்தால் பத்தாம் வகுப்பில் சேரலாம், மேல் வயது என்று எதுவும் கிடையாது. தோப்பில் தேங்காய் பொறுக்கிவிட்டு வந்து குளித்து ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்காரும் பெண்ணைப் பார்த்து “போட்டோவுக்கு” என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

ஆனைமலைக்காற்று (பொள்ளாச்சி):

அக்கா, கோபப்படாமல் படியுங்கள். நான் நாலாம் வகுப்பு என்றேன். நீங்கள் “இல்லை, அதற்கும் கீழே” என்கிறீர்கள். அப்படியானால் எனக்கு நீங்களே சாட்சி. நன்றி.

பாட்டியை நான் கேலி செய்யவில்லை, கொண்டாடியவர்களைத்தான் கேட்கிறேன். முதலமைச்சர் கையால் சான்றிதழ், டெல்லியில் பெண்களுக்கான நாரி சக்தி விருது, எல்லாம் படத்தோடு செய்தி. வகுப்பு நடத்தியவர்களுக்கு விளம்பரம். என் சித்தப்பா அறுபது வயதில் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்தார். பணம் கட்டினார், சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். இன்றைக்கும் கரன்ட் பில் கட்ட என்னைத்தான் கூப்பிடுகிறார்.

பாரதப்புழை (சித்தூர்):

பணி ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் ஒரு திருத்தம். நாலாம் வகுப்பு சமநிலைத் தேர்வு எழுதிய மூதாட்டி வேறு ஒருவர். கொல்லம் மாவட்டத்து பாகீரதி அம்மா, 105 வயதில், 2019-இல் எழுதினார். 275-க்கு 205. அவருக்கும் நாரி சக்தி விருது கிடைத்தது. ஆனைமலைக்காற்று இருவரையும் ஒருவராக்கிவிட்டார். எல்லைக்காரி அவர்கள் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். “நாலாம் வகுப்பு அடுத்த படி” என்று மட்டும் சொன்னால், அந்தப் படியில் எந்தப் பாட்டியும் ஏறவில்லை என்றல்லவா படிப்பவர் நினைப்பார்?

எல்லைக்காரி:

சார், நான் எதையும் பாதியில் நிறுத்தவில்லை. பேச்சு கார்த்தியாயினி அம்மாவைப் பற்றி. அவர் எழுதியது அட்சரலட்சம். அதைச் சொன்னேன். பாகீரதி அம்மாவை எனக்கும் தெரியும். அவரை இழுத்தால் ஆனைமலைக்காற்று அவரையும் கேலி செய்வார் என்றுதான் எழுதவில்லை.

தம்பி ஆனைமலைக்காற்று, “அதற்கும் கீழே” என்று நான் எழுதவே இல்லை. முதல் படி என்றேன். முதல் படியில் கால் வைக்காமல் நீங்கள் எந்த மாடிக்கு ஏறினீர்கள்? உங்கள் சித்தப்பாவுக்கு அந்த கோர்ஸில் கரன்ட் பில் கட்டக் கற்றுக் கொடுத்தார்களா என்று கேட்டீர்களா? எழுதுகிற பக்கத்தைத் திறப்பது, அட்டவணை போடுவது என்று பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நடத்துகிற பாடத்தை அவருக்கும் நடத்தியிருப்பார்கள். பெரியவர்கள் தங்களுக்கு நாளைக்கே தேவைப்படுவதை வைத்துப் படித்தால்தான் மனதில் நிற்கும். எங்கள் வகுப்பில் கூட்டல் கழித்தலே ஏலச்சீட்டுக் கணக்கிலும் வட்டிக் கணக்கிலும்தான் தொடங்கும். நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு எவ்வளவு போகிறது என்று முதல் முறை தானே போட்டுப் பார்த்த ஒரு அம்மா, அடுத்த வாரம் கடன் கொடுத்தவரிடம் கணக்கு நோட்டைக் கேட்டார். இது சான்றிதழில் வராது.

ஏலமலை (வண்டிப்பெரியார்):

இரண்டு பாட்டிகளையும் கொஞ்சம் விடுங்கள். ஐம்பது வயதில் நாங்கள் ஏன் மலையாளம் படிக்க வேண்டும்? கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969-ஐ எடுத்துப் பாருங்கள். தமிழ் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகத்துக்கும் எழுதலாம். அதைக் கேட்டு வாங்காமல், எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிவிட்டு வருகிறவரை இன்னொரு எழுத்து படி என்று உட்கார வைப்பது என்ன நியாயம்? தோட்டத் தொழிலாளிக்கு முதலில் தமிழில் பத்தாம் வகுப்பு கொடுங்கள். பச்சமலையாளம் அப்புறம்.

எல்லைக்காரி:

அண்ணா, உரிமை கேட்பதை நான் தடுக்கவில்லை. கேளுங்கள், நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பதில் வரும்வரை பஸ் போர்டைப் படிக்காமல் ஸ்டாண்டில் நிற்க முடியாது. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சீட்டு மலையாளத்தில் வந்தால் சட்டத்தைக் காட்டி மாத்திரை சாப்பிட முடியாது. இரண்டும் வேண்டும். உரிமை இருக்கிறது, அதனால் படிக்க மாட்டேன் என்று சொல்கிற ஆண்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கடிதத்தையும் பெண்கள்தான் வகுப்புக்கு எடுத்து வருகிறார்கள்.

ஏலமலை:

ஆண்களை எதற்கு இழுக்கிறீர்கள்? நான் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

ஆனைமலைக்காற்று:

சட்டம் இருக்கட்டும். எனக்கு ஒன்று விளங்கவில்லை. 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறையில் மேடை போட்டு, கேரளா முழு எழுத்தறிவு பெற்றது என்று அறிவித்தீர்கள். அப்புறம் 2018-இல் எழுத்தே தெரியாதவர்களுக்கு எதற்கு ஒரு தேர்வு? ஒன்று அந்த அறிவிப்பு பொய். அல்லது அட்சரலட்சம் என்பது நாலாம் வகுப்புதான், பெயரை மாற்றிவிட்டீர்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

பாரதப்புழை:

அட்சரலட்சம் நாலாம் வகுப்பு அல்ல. இதை நான் ஏற்கெனவே தெளிவாக்கிவிட்டேன்.

எல்லைக்காரி:

நீங்கள் தெளிவாக்கியதா? முதல் பதிவிலேயே நான் எழுதியிருக்கிறேன் சார்.

ஆனைமலைக்காற்று தம்பிக்கு. மானாஞ்சிறையில் அந்த அறிவிப்பை வாசித்தது மந்திரி இல்லை. மலப்புறம் மாவட்டத்துச் சேலக்கோடன் ஆயிஷா. சாட்சரதா வகுப்பில் எழுத்துப் படித்த பெண். வயது வந்த பிறகு எழுத்துக் கற்ற ஒருவரிடம் மாநிலமே மைக்கைக் கொடுத்தது. அதையும் போட்டோ என்பீர்களா? அறிவிப்புக்குப் பிறகும் விட்டுப்போனவர்கள் இருந்தார்கள். மலையில், கடற்கரையில், காலனிகளில், வயதானவர்கள். அவர்களைத் தேடிப் போனதுதான் அட்சரலட்சம். 2018-இல் 42,933 பேர் தேறினார்கள். விட்டுப்போனவர்களை மறுபடி போய்ப் பார்த்தார்கள். ஒரு முறை அறிவித்துவிட்டுக் கதவைப் பூட்டாமல் இருந்ததற்கு ஒரு அரசாங்கத்தைக் குறை சொல்வது எனக்குப் புரியவில்லை. சோற்றில் ஒரு கல் கிடைத்தால் பானையையே கொட்டச் சொல்கிறீர்கள்.

கோட்டைமைதானம் (பாலக்காடு):

நான் இளையவன், தப்பாக நினைக்க வேண்டாம். எழுத்து, மதிப்பெண் என்று இவ்வளவு சண்டை தேவையா? 2022-இல் திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்து ஆனது. 2025 ஆகஸ்டில் கேரளா முழுவதும் ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள். வீட்டுக்குப் போய், நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போய்ப் பெரியவர்களுக்கு போன் சொல்லிக் கொடுத்தார்கள். போனில் பேசினால் அதுவே எழுதுகிறது, கேட்டால் அதுவே படித்துக் காட்டுகிறது. எங்கள் வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், நாங்களும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். வருகிறவர்கள் சந்தோஷமாகப் போகிறார்கள்.

எல்லைக்காரி:

தம்பி, நல்ல வேலை செய்கிறாய், விடாமல் செய். ஆனால் வங்கியிலிருந்து வருகிறது என்று ஒரு செய்தி வருகிறது. போன் அதை அழகாகப் படித்துக் காட்டும். அது உண்மையான வங்கியா, திருடனா என்று அனுப்பியவன் பெயரையும் எண்ணையும் கண்ணால் பார்க்கத் தெரிய வேண்டாமா? ஓடிபியை யாரிடமோ சொல்லிப் பணத்தை இழந்த ஒரு பெரியம்மா எங்கள் தெருவில் இருக்கிறார். “யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று அதே செய்தியிலேயே எழுதியிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. போனும் எழுத்தும் சேர்ந்துதான் வர வேண்டும்.

ஆனைமலைக்காற்று:

எல்லாவற்றுக்கும் ஒரு அம்மா, ஒரு பெரியம்மா கதை வைத்திருக்கிறீர்கள். 60 வயதுக்கு மேல் மூளை புதிதாக எதையும் வாங்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பாரதப்புழை:

இது தவறு. வயதாக ஆக மனப்பாடம் செய்யும் வேகம் குறையும். சொல்வளமும், தெரிந்ததோடு புதியதைச் சேர்த்துப் புரிந்துகொள்வதும் அப்படிக் குறைவதில்லை. நானே இப்போது மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரு பாடம் படிக்கிறேன். படிக்க இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் கட்டணம். நான் கட்டவில்லை. ஆக, சான்றிதழுக்காகப் படிக்கிறோம் என்ற குற்றச்சாட்டு என்னிடம் எடுபடாது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவிலும் பட்டப்படிப்புக்கு மேல் வயது வரம்பு கிடையாது. ஆனால் எல்லைக்காரி அவர்கள் செய்வது போல உணர்ச்சிவசப்பட்டு வாதம் செய்தால் நல்ல விஷயமும் கெட்டுவிடும். நிதானம் வேண்டும்.

எல்லைக்காரி:

நிதானமா? சரி, நிதானமாகவே கேட்கிறேன். வாயனசாலைக் கூடத்தை ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புக்குக் கேட்டோம். “அந்த நேரத்தில் சீட்டு ஆடுகிறவர்கள் இருப்பார்கள்” என்று சொன்ன கமிட்டியில் நீங்களும் இருந்தீர்களா இல்லையா? நீங்கள் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே ஸ்வயம் படிக்கிறீர்கள். எங்கள் பெண்கள் அங்கன்வாடித் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். மழை வந்தால் நோட்டைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள்.

பாரதப்புழை:

அது சீட்டு அல்ல. கேரம் போர்டு. பொதுவெளியில் அவதூறு எழுத வேண்டாம். அந்தக் கமிட்டித் தேர்தலில் தங்கள் தரப்பு தோற்றதிலிருந்தே இந்த வருத்தம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எல்லைக்காரி:

கேரமோ சீட்டோ, கூடம் கிடைத்ததா? பி.என். பணிக்கர் பெயரைச் சொல்லி ஜூன் 19 வாசிப்பு நாள் கொண்டாடுகிறீர்கள், மாலை போடுகிறீர்கள். 1945-இல் அவர் தொடங்கிய கிரந்தசாலா சங்கம் என்கிற நூலகச் சங்கம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களைத் தேடி ஊர் ஊராகப் போனது. அந்த வேலைக்குத்தான் 1975-இல் யுனெஸ்கோ விருது கொடுத்தது. வீட்டு வரியோடு நாங்கள் கட்டுகிற நூலக வரியில்தான் அந்தக் கூடத்துக்கு விளக்கு எரிகிறது. அதில் எழுத்துப் படிக்க வருகிறவருக்கு இடம் இல்லை என்றால் யாருக்கு இடம்?

ஏலமலை:

இது நல்ல கேள்வி. எங்கள் பக்கம் வாயனசாலையில் தமிழ்ப் பத்திரிகையையே நிறுத்திவிட்டார்கள். அதையும் கேளுங்கள்.

ஆனைமலைக்காற்று:

நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. நாலாம் வகுப்பா, அதற்குக் கீழா?

எல்லைக்காரி:

அட்சரலட்சம். அட்சரலட்சம். அட்சரலட்சம். எழுத்தில் 40-க்கு 38. பொள்ளாச்சியில் இருந்து வேலந்தாவளத்துக்கு எவ்வளவு தூரம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து பாருங்கள். உங்கள் சித்தப்பாவையும் கூட்டி வாருங்கள், கரன்ட் பில் கட்ட நாங்கள் சொல்லித் தருகிறோம்.

ஆனைமலைக்காற்று:

சித்தப்பாவை விட்டுவிடுங்கள் அக்கா. வந்தால் போட்டோ எடுப்பீர்கள், அதனால் வரமாட்டேன்.

கோட்டைமைதானம்:

பாரதப்புழை சார், கூடத்தை வகுப்புக்குக் கொடுக்கலாமே? கேரம் போர்டை வராந்தாவில் போடலாம்.

பாரதப்புழை:

தம்பி, கமிட்டி விஷயத்தில் வெளியூர்க்காரர் தலையிட வேண்டாம். எழுத்து மூலம் மனு வந்தால் அடுத்த கூட்டத்தில் வைப்போம். வாய் வார்த்தையாகக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் வழக்கம் இல்லை.

எல்லைக்காரி:

மனு நாளைக்கே வரும். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. மலையாள மனுவை வகுப்பில் படிக்கிற பெண்களே எழுதுவார்கள், அதில் சீட்டு என்றுதான் இருக்கும்.

பாரதப்புழை:

கேரம் என்று திருத்தாமல் வந்தால் வாங்க மாட்டோம்.