வாசிப்பு குறையவில்லை, எழுதத்தான் கை வரவில்லை

கோப்பாய், ஆசிரியை

கன நாளாக இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன். வாசிப்பு எனக்குக் குறையவே இல்லை. பள்ளிக்கூடத்தால் வந்து, தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தி முடித்தால் மிச்ச நேரம் புத்தகத்துக்குத்தான். யாழ். பொது நூலகத்தில் எடுத்தது ஒன்று, பூபாலசிங்கம் புத்தகசாலையில் வாங்கியது ஒன்று, 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இறக்கிய பழைய சஞ்சிகை ஒன்று என்று எப்போதும் இரண்டு மூன்று ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் வாசித்த புத்தகத்தைப் பற்றி எழுத இருந்தால் முதல் வசனத்திலேயே நின்றுவிடுகிறேன்.

முந்தி அப்படியில்லை. வாசித்த கையோடு முகநூலில் எழுதிவிடுவேன். சிலவற்றைச் சிற்றிதழ்காரர் கேட்டு வாங்கிப் போட்டார்கள். பெரிய எழுத்தென்று நான் நினைக்கவில்லை, ஆனால் எழுதும்போது சந்தோசமாக இருந்தது. அந்தப் புத்தகத்தோடு இன்னும் ஒரு நாள் கூட இருப்பதுபோல.

எங்கே தடக்கியது என்று யோசித்தால் ஒரு சிறுகதைத் தொகுப்பு நினைவுக்கு வருகிறது. எழுதியவர் எங்கள் பக்கத்து ஆள், பெயர் வேண்டாம். அதில் ஒரு கதை. 1990 ஆனியில் மயிலிட்டியை விட்டு ஓடிவந்த ஒரு அம்மா, 2017 இல் இராணுவம் காணி விட்டபோது திரும்பிப் போகிறார். வீடு இல்லை, மதில் இல்லை, எல்லாம் பற்றை. கிணறு மட்டும் கிடக்கிறது. அவர் கிணற்றுக்கட்டில் முதுகை வைத்து நிற்கிறார். பிறகு அங்கிருந்து அடி அடியாக எண்ணிக்கொண்டு நடந்துபோய், ஓரிடத்தில் நின்று, "இதுதான் குசினி" என்று சொல்லிக் குந்துகிறார். மகன் பக்கத்தில் நின்று கைபேசியில் காணி உறுதியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் கதை. தண்ணீர்க் குடத்தோடு வருசக்கணக்காக நடந்த தூரம், அதனால் காலுக்கு மறக்கவில்லை என்று எழுத்தாளர் எங்கேயும் சொல்லவில்லை. அது நாங்களாக விளங்கிக்கொள்ள வேண்டியது. எனக்கு விளங்கிய இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முற்றத்துக்கு எழும்பிப் போனேன்.

நான் எழுதியதும் அதைத்தான். கிணறு, அடி எண்ணுவது, மகனின் கைபேசி. கொஞ்ச நாளில் ஒரு கூட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணிக்கு நின்ற இடத்தில், விமர்சனத்தில் பெயர் எடுத்த ஒருவர் நாலுபேருக்கு முன்னால் சொன்னார்: "நீங்கள் எழுதியது மதிப்புரை இல்லை, கதையைத் திருப்பிச் சொல்லியிருக்கிறீர்கள். கோட்பாட்டுப் பின்புலம் எங்கே? முந்தைய தொகுப்போடு ஒப்பீடு எங்கே?" குரலை உயர்த்தவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் அடுத்த புத்தகத்துக்கு எழுத இருந்தபோது அந்தக் குரல்தான் பக்கத்தில் இருந்தது.

அந்த அடுத்த புத்தகத்தின் மதிப்புரையை அவர் கேட்ட மாதிரியே எழுதினேன். "ஈழத்து இலக்கியப் பரப்பில் ஒரு காத்திரமான வரவு", "இடப்பெயர்வின் வலியைத் தத்ரூபமாகச் சித்திரித்துள்ளார்", "மண்வாசனை கமழும் மொழிநடை". நல்ல வரவேற்பு. நான் மதிக்கிற ஆட்களே பாராட்டினார்கள். அச்சில் வாசித்தபோது அந்தப் புத்தகத்தை நான் வாசித்ததற்கான அடையாளம் ஒரு வரியிலும் இல்லை. யாரும் எந்தப் புத்தகத்துக்கும் எழுதியிருக்கலாம். அதோடு விட்டுப்போயிற்று.

இந்த வசனங்கள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவற்றைப் படிப்பிக்கிற ஆட்களில் நானும் ஒருத்தி. சாதாரண தரப் பரீட்சைக்குத் தமிழ் இலக்கிய நயம் எடுக்கிற பிள்ளை, இந்த வரி தனக்கு ஏன் பிடித்தது என்று எழுதினால் புள்ளி வராது என்று பயப்படுகிறது. உவமை, அணி, சொல்லாட்சி என்று எழுதினால் வரும் என்று நம்புகிறது. வளர்ந்த பிறகு வெளியீட்டு விழா. மங்கல விளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள் எல்லாம் முடிந்துதான் மதிப்பீட்டுரை. அதற்குள் சனம் காசை உறையில் வைத்துக் கொடுத்து, புத்தகத்தை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு நேரம் பார்க்கிறது. அந்த மேடையில் நின்று, கடைசி இரண்டு கதைகளும் அவசரமாக முடிக்கப்பட்டிருக்கின்றன என்று யார் சொல்லுவார்? முன் வரிசையில் எழுத்தாளரின் தாய் சீலை உடுத்துக்கொண்டு வந்து இருக்கிறா.

நான் ஒருமுறை எழுத்தில் சொன்னேன், அதுவும் மெதுவாக, நல்லதை எல்லாம் சொன்ன பிறகு. அதன் பிறகு அந்த எழுத்தாளர் என்னோடு கதைப்பதில்லை. கொழும்பென்றால் ஒதுங்கிப் போய்விடலாம். இங்கே திருநெல்வேலிச் சந்தையில் காண்கிறோம், நல்லூர்த் திருவிழாவில் காண்கிறோம், செத்தவீட்டில் ஒரே வாங்கிலில் பக்கத்தில் இருக்கிறோம். சொன்னது சரியென்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த முகத்தைக் காணும்போதெல்லாம் அந்தரமாக இருக்கிறது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? வாசிப்பு அப்படியே இருக்க, எழுத்து மட்டும் விட்டுப்போனதா?


இணுவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்

பிள்ளை, உங்கள் கிணற்றுக் கதையை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டும்போல் இருக்கிறது. ஒரு மதிப்புரை வேறென்ன செய்ய வேண்டும்?

நான் எழுபதுகளில் எழுதத் தொடங்கியவன். 1966 இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை சஞ்சிகையை அவரே கையில் கொண்டு திரிந்து விற்ற காலம் அது. சஞ்சிகைக்காரரிடமிருந்து தபாலட்டை வரும், புத்தகம் அனுப்பியிருக்கிறோம், ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்று. எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் வெட்டுவார். "இதற்கு என்ன ஆதாரம்?" என்று ஓரத்தில் கேட்பார். சூட்டில் எழுதிய வசனத்தை எடுத்துவிடுவார். வெளிவந்த பிறகு எழுத்தாளருக்குக் கோபம் வந்தால் முதலில் ஆசிரியரிடம்தான் போவார். எனக்கும் எழுத்தாளருக்கும் நடுவில் ஒரு ஆள் இருந்தார். உங்களுக்கு அந்த ஆள் இல்லை. உங்கள் முகநூல் பக்கத்தில் நீங்களே எழுதி, நீங்களே போட்டு, எழுத்தாளரும் அவரின் சொந்தக்காரரும் அதே நிமிடத்தில் வாசிக்கிறார்கள். தைரியம் போனது உங்கள் குறையென்று எடுக்க வேண்டாம்.

பயம் அப்போதும் இருந்தது. 1974 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக வந்தவர் விமர்சகர் கைலாசபதி. பிறகு சிவத்தம்பியும் வந்தார். விமர்சனம் என்பது விளையாட்டல்ல, ஒரு கதைக்குப் பின்னால் ஒரு சமூகமே நிற்கிறது என்று எங்களுக்குக் காட்டியவர்கள் அவர்கள். அதற்கு நான் சாகும்வரை கடமைப்பட்டவன். ஆனால் பின்னால் வந்த எங்களில் பலருக்கு, அவ்வளவு படிக்காமல் ஒரு சிறுகதையைப் பற்றி வாய் திறக்கவே கூடாது என்ற எண்ணம் ஊறிவிட்டது. அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. நாங்களாக எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1981 இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் போயின. அங்கே எரியாமல் வீடுகளில் இருந்தவை பிறகு குண்டிலும் மழையிலும் கறையானிலும் போயின. எங்கள் ஆட்களின் புத்தகங்கள் முந்நூறு, ஐந்நூறு பிரதிகள்தானே அடிப்பார்கள். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு எரித்துத்தான் வாசித்தோம். பத்திரிகையே கோடு போட்ட கொப்பித்தாளில் வந்தது. வாசித்த புத்தகங்களைப் பற்றிப் பழைய கொப்பி ஒன்றில் எழுதி வைப்பேன், யாருக்கும் காட்டுவதற்கில்லை. 1995 ஐப்பசியில் சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு வெளிக்கிட்டபோது அந்தக் கொப்பி வந்தது, புத்தகங்கள் வரவில்லை. அதில் இருக்கிற சில புத்தகங்களை அதற்குப் பிறகு நான் கண்ணால் காணவில்லை. இன்ன கதையில் இன்னார் இன்னது செய்தார், எனக்கு இந்த இடம் பிடித்தது என்று எழுதியதுதான் மிச்சம். நூலகம் தளத்தில் இருக்கிற பழைய சஞ்சிகைகளைப் பாருங்கள். அச்சகத்தின் பெயர், விலை, பக்கம், கதையில் நடந்தது என்ன என்று சொல்லுகிற அரைப்பக்கக் குறிப்புகள் இன்று எவ்வளவு உதவுகின்றன! "காத்திரமான வரவு" என்று எழுதியதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.


திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவன்

ரீச்சர், எனக்கு எழுத்து விட்டுப்போகவில்லை, தொடங்கவே இல்லை. நான் வாசிப்பது பெரும்பாலும் போனில், பிடிஎஃப். முடித்ததும் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவேன். அதில் தங்குதடையில்லாமல் கதைப்பேன், கோபப்படுவேன், ஒரு பந்தியை வாசித்தும் காட்டுவேன். எழுத இருந்தால் ஒன்றும் வராது. குட்ரீட்ஸில் நட்சத்திரம் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

ஒருநாள் வாசிகசாலையில் ஒரு நாவலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பயத்தில் செயற்கை நுண்ணறிவிடம் எழுதித் தரச் சொன்னேன். அழகாகத் தந்தது. நீங்கள் சொன்ன அதே வசனங்கள், மண்வாசனை உட்பட. அதை வாசித்தபோது ஒன்று விளங்கியது. இந்த மாதிரி எழுதத் தெரியாமல்தானே இவ்வளவு நாளும் நான் வெட்கப்பட்டேன், அதை ஒரு இயந்திரம் புத்தகத்தைத் தொடாமலே எழுதுகிறது. அப்புறம் அதை விட்டுவிட்டு நண்பனுக்கு அனுப்பிய குரல் பதிவைப் போட்டுக் கேட்டுக் கேட்டு எழுதினேன். "ம்", "எண்டா" எல்லாம் எடுத்துவிட்டேன். கூட்டத்தில் வாசித்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு ஐயா அந்த நாவல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

இன்னும் பயம்தான். ஆனால் இப்போது முதலில் கதைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.


சாவகச்சேரி, கவிதை எழுதுபவர்

நான் மறுபக்கத்தில் இருந்து சொல்கிறேன். என்னுடைய ஒரே தொகுப்பு வந்து சில வருசமாகிறது. 2022 இல் கடதாசி விலை ஏறியதில் அச்சுச் செலவு நினைத்ததைவிட எங்கேயோ போய்விட்டது, நகை அடகு வைத்துத்தான் எடுத்தேன். வெளியீட்டில் நல்ல கூட்டம். பேசியவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால், ஒரு கவிதையின் பெயரைக்கூட யாரும் சொன்னதாக நினைவில்லை. மிச்சப் பிரதிகள் கட்டிலுக்குக் கீழே பெட்டியில்.

அதற்குப் பிறகு ஒரு வரி யாரும் எழுதவில்லை. கடுமையாக எழுதினால்கூட வாசித்திருக்கிறார்கள் என்று தெரியும். ஆசிரியை அக்கா, உங்களோடு கதைக்காமல் விட்ட எழுத்தாளருக்கும் உள்ளுக்குள் என்ன இருக்கிறதோ தெரியாது. கடைசி இரண்டு கதையும் அவசரம் என்று சொன்ன ஒரே ஆள் நீங்கள் என்றால், கடைசிவரை வாசித்ததும் நீங்கள் ஒருத்தியாக இருக்கலாம். அவருக்காக நான் பேச முடியாது. எனக்கென்றால், இந்தப் பக்கத்தில் நின்றேன், இந்தப் பக்கத்தில் சலித்தது என்று யாராவது எழுதினால் அதை வெட்டி வைத்திருப்பேன்.


கோப்பாய், ஆசிரியை

ஐயா, உங்கள் கொப்பியை யாராவது ஸ்கேன் பண்ணிவிட்டார்களா? இல்லையென்றால் தயவுசெய்து அதை அப்படியே வைத்திருக்க வேண்டாம். நான் வந்து உதவி செய்கிறேன். நூலகம் நிறுவனத்தாரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

தம்பி, குரல் பதிவு யோசனையை என் வகுப்பில் செய்து பார்க்கப்போகிறேன். நயம் எழுதுவதற்கு முன் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தப் பாட்டை வாயால் சொல்லிக் காட்டட்டும். புள்ளித் திட்டம் அப்படியேதான் இருக்கும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பிள்ளைக்குப் பிடித்தது என்ன என்று ஒருமுறையாவது அதன் வாயில் வரட்டும்.

நான் திரும்ப எழுதுவேனா என்று இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தேத்தண்ணிக் கதையைச் சொல்லிவிட்டேன், ஆனால் அந்தக் குரல் போய்விட்டதென்று சொல்ல மாட்டேன். சாவகச்சேரித் தங்கச்சி, உங்கள் தொகுப்பு பூபாலசிங்கத்தில் கிடைக்குமா, அல்லது உங்களிடமே வாங்கலாமா? விலையையும் சொல்லுங்கள்.