வடக்கு மேலேயா, வண்டி போற திசை மேலேயா? ஆம்புலன்ஸ் வரைபடச் சண்டை

இரவுப்பணி
ஒரு பயிற்சிக் குழுவில் இன்னைக்கு ஒருத்தர் எழுதினது: "108 வண்டியில் ஈ.எம்.டி. (நோயாளியைப் பார்த்துக்கிற அவசர மருத்துவ உதவியாளர்) கையில இருக்கிற வரைபடம் எப்பவும் வடக்கு மேலே இருக்கணும். வண்டியோட சேர்ந்து சுத்துற வரைபடத்தைப் பார்க்கிறவனுக்கு வரைபடமே தெரியாது."

படிச்சதும் எரிச்சல். பைலட்டுக்கு, அதாவது ஆம்புலன்ஸ் ஓட்டுறவருக்கு, தேவை "அடுத்த லெஃப்ட்" என்கிற ரெண்டு வார்த்தை. வண்டி தெற்கே போகுது, திரையில் வடக்கு மேலே இருக்குன்னா இடது பக்கம் தெரியற சந்து நிஜத்துல வலது பக்கம் இருக்கும். அதை மனசுல திருப்பிப் போட ரெண்டு செகண்ட். 40 கிலோமீட்டர் வேகத்துல ரெண்டு செகண்ட்னா 22 மீட்டர். சந்து போயிடும்.

வடதிசை
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். அதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்.

கண்ட்ரோல் ரூம் திரை வடக்கு மேலே. சர்வே ஆஃப் இந்தியா அச்சடிக்கிற வரைபடத் தாள் வடக்கு மேலே. கிராமத்துல இருந்து கூப்பிடுறவர் "டேங்குக்குத் தெக்கால மூணாவது வீடு" என்பார். சுத்திக்கிட்டே இருக்கிற திரையில தெக்கு எங்கே இருக்குன்னு காட்டுங்க.

இன்னொண்ணு. ஜி.பி.எஸ். தர்றது இடம்தான். திசையை வண்டி நகர்றதை வெச்சுக் கணக்கு போடுது. சிக்னல்ல நின்னா ஃபோன் தன் உள் திசைகாட்டிக்கு மாறும். டேஷ்போர்டுல காந்த ஹோல்டர்ல ஒட்டி வெச்ச ஃபோனுக்கு அந்தத் திசைகாட்டி உருப்படியா வேலை செய்யாது. கிளம்புற அந்த நிமிஷத்துலதான் படம் தலைகீழா நிக்கும், அப்பத்தான் நீங்க "லெஃப்ட்" என்பீங்க.

இரவுப்பணி
அதுக்குக் காந்த ஹோல்டரைத் தூக்கிப் போடணும், கிளிப் ஹோல்டர் வாங்கணும். வடக்கை மேலே வைக்க அது ஒரு காரணமா?

அழைப்பு_மேசை
ஒரு சந்தேகம். நீங்க ரெண்டு பேரும் பேசுறது பைலட் பார்க்கிற ஃபோனா, ஈ.எம்.டி. பார்க்கிற டேப்லெட்டா, கிளம்புறதுக்கு முன்னாடி பார்க்கிற வரைபடமா? மூணுக்கும் பதில் வேற வேறயா இருக்கலாம்.

வடதிசை
எல்லாத்துக்கும் வடக்கு மேலே.

கொண்டைஊசி_70
கொல்லிமலையில அடிவாரத்து காரவள்ளிக்கு மேல 70 கொண்டை ஊசி வளைவு. சுத்துற படம் ஒவ்வொரு வளைவுலயும் 180 டிகிரி திரும்பும். வண்டி திரும்பி முடிச்ச பிறகுதான் படம் திரும்பும், அதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும். வடக்கு மேலே வெச்சா பாதை ரிப்பன் மாதிரி அசையாம இருக்கும், புள்ளி மட்டும் ஏறும். இந்த விஷயத்துல வடதிசை சொல்றது சரி.

ஆனா மலையில, இடத்தைக் காட்ட செயலி படத்துல குத்துற குறியை, அந்தப் 'பின்'னையே நம்பக்கூடாது. மேல் பாதைக்கும் கீழ் பாதைக்கும் நடுவுல படத்துல 20, 30 மீட்டர்தான் இருக்கும். ஃபோன் காட்டுற இடம் அவ்வளவு தள்ளிப் போனாலே பின் வேற அடுக்குல விழுந்துடும். கூப்பிடுறவர்கிட்ட கேக்க வேண்டியது வளைவு நம்பர். பலகையில "27/70"னு இருக்கும். "கடைசியா பார்த்த பலகை என்ன, ஏறும்போதா இறங்கும்போதா" என்கிற ரெண்டு கேள்வி போதும்.

வடதிசை
நன்றி. மலைக்காரர் ஒத்துக்கிட்டார். இரவுப்பணி எப்போ ஒத்துக்குவார்?

கொண்டைஊசி_70
நான் மலைக்கு மட்டும்தான் சொன்னேன். என் வார்த்தையை இழுத்து உங்க கணக்குல எழுதாதீங்க.

அழைப்பு_மேசை
உண்மையில் நேரம் போறது எங்கேன்னு சொல்றேன். 544 தேசிய நெடுஞ்சாலை, சேலத்துல இருந்து கோவை. நாலு வழியா இருக்கிற இடத்துல ஒவ்வொரு பக்கமும் 7 மீட்டர் தார், நடுவுல மீடியன். ஃபோன் இடம் 10 மீட்டர் தள்ளினா போதும், செயலி பின்னை எதிர்ப் பக்கத்துல ஒட்டிடும். வண்டி அந்தப் பக்கம் போய் நின்னா, அடுத்த யூ-டர்ன் சில கிலோமீட்டர் தள்ளி. வடக்கு மேலே இருந்தா என்ன, கீழே இருந்தா என்ன?

"இடது பக்கமா வலது பக்கமா"ன்னு கேக்கவே கூடாது. அது கூப்பிடுறவர் எந்தப் பக்கம் திரும்பி நிக்கிறார் என்பதைப் பொறுத்தது. "வண்டி எந்த ஊருக்குப் போய்ட்டிருந்தது"ன்னு கேட்கணும். அடுத்து கிலோமீட்டர் கல். மஞ்சள் தலைன்னா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை. கல்லுல இருக்கிற ஊர்ப் பேரையும் எண்ணையும் அப்படியே வாசிக்கச் சொல்லணும். ரோட்டு நம்பரைக் கூப்பிடுறவர் வாயால கேட்டு நம்பக்கூடாது. 2010-ல நம்பர் மாத்தினதுல பழைய 7 இப்போ 44, பழைய 47 இப்போ 544, பழைய 4 இப்போ 48. ஜனங்க இன்னும் பழசைத்தான் சொல்றாங்க.

வடதிசை
"எந்த ஊருக்குப் போய்ட்டிருந்தது" என்பதே திசைதானே. கோவை பக்கம்னா மேற்கு. வடக்கு மேலே இருக்கிற படத்துல அது இடது. எப்பவும் இடது. மாறவே மாறாது. அதைத்தான் நான் தொடக்கத்துல இருந்து சொல்றேன்.

ஏணிவண்டி
தீயணைப்புல இருந்து ஒரு வார்த்தை. 4,500 லிட்டர் தண்ணின்னா தண்ணியே நாலரை டன், வண்டி எடை தனி. ஃபோன் செயலி சொல்ற வழி காருக்கானது. சப்வே எத்தனை மீட்டர் உயரம், வாய்க்கால் பாலம் எவ்வளவு தாங்கும், ரயில்வே கேட் மூடியிருக்கா, மழைக்கு சப்வேயில தண்ணி நிக்குதா, எதுவும் அதுக்குத் தெரியாது. நிலையத்துல பெரிய படத்தை ஒட்டி, சிவப்பு மையில குறிக்கணும்: உயரத் தடை, எடை தாங்காத பாலம், கேட், தண்ணி எடுக்கிற கிணறு, குளம். அந்தப் படம் வடக்கு மேலேதான் இருக்கும், சுவரைச் சுத்த முடியாது. ஆனா ஓடுற வண்டியில வடக்கைப் பார்த்துக்கிட்டு உக்கார முடியாது.

இரவுப்பணி
ஏணிவண்டி அண்ணன் சொன்னதுதான் முடிவு.

வடதிசை
அவர் முதல் பாதியில நான் சொன்னதைத்தான் சொன்னார். நீங்க ரெண்டாவது பாதியை மட்டும் படிக்கிறீங்க. போன மாசம் பிளஸ் கோடு (முகவரிக்குப் பதிலா இடத்தைச் சொல்ற கூகுள் குறியீடு) விவாதத்துலயும் இதே வேலை பண்ணீங்க. "பத்து எழுத்து கோடு 14 மீட்டர் கட்டம், போதும்"னு எழுதினீங்க. அடுக்குமாடியில 14 மீட்டருக்குள்ள நாலு வாசல் இருக்கும்னு கேட்டதுக்கு இன்னைக்கு வரை பதில் இல்ல.

இரவுப்பணி
பதில் போட்டேன். பிளாக் பேரு, மாடி, லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர் நுழையுமான்னு தனியா கேக்கணும்னு எழுதினேன். நீங்க படிக்கல. சென்னையில பழைய எண், புதிய எண் ரெண்டும் கேக்கணும்னும் எழுதினேன்.

கொண்டைஊசி_70
வடதிசை சார், ஒரு கேள்வி. கிராமத்துல "மேலத்தெரு"ன்னா எந்தத் தெரு?

வடதிசை
மேற்குத் தெரு. கீழத்தெரு கிழக்கு.

கொண்டைஊசி_70
அப்போ நம்ம ஊர்ல "மேல்" என்றாலே மேற்கு. படத்துல வடக்கை மேலே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற புதுப் பையன் "மேலத்தெருவுக்கு வாங்க"ன்னு கேட்டதும் திரையில மேலே, அதாவது வடக்கே தேடுவான். உங்க முறையில இருக்கிற ஓட்டை இது.

வடதிசை
அது தமிழ் தெரியாத குறை. வரைபடத்தோட குறை இல்ல. பயிற்சியில முதல் நாளே சொல்லித் தரணும்.

எண்களையும் சொல்லிடறேன், யாருக்கும் அக்கறை இல்லாததால. தமிழ்நாட்டுல அட்சரேகை 8-லிருந்து 13 சொச்சம், தீர்க்கரேகை 76-லிருந்து 80 சொச்சம். முதல்ல 78-னு வந்தா மாத்திச் சொல்றாங்கன்னு அர்த்தம். அட்சரேகை தீர்க்கரேகையில வடக்கு எண் முன்னாடி, தாள்ல இருக்கிற யூ.டி.எம். கட்டத்துல (உலகத்தை மண்டலமாப் பிரிச்சு மீட்டர்ல இடம் சொல்ற முறை) கிழக்கு எண் முன்னாடி. இதுல குழம்பாதவங்க குறைவு. "11, 40, 30"னு ஃபோன்ல கேட்டா அது 11.4030 டிகிரியா, 11 டிகிரி 40 நிமிடம் 30 விநாடியா? ரெண்டுக்கும் வித்தியாசம் 30 கிலோமீட்டர். "புள்ளி"ங்கிற சொல்லைச் சொல்ல வெச்சு, திருப்பி வாசிச்சுக் காட்டி, "சரி"ன்னு வாங்கிட்டுத்தான் ஃபோனை வைக்கணும்.

திண்டுக்கல் பக்கம் இன்னொரு சிக்கல். 78 டிகிரி கோடு ஊரை ஒட்டிப் போகுது. அந்தக் கட்டக் கணக்குல மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. கோட்டுக்கு மேற்கே கிழக்கு எண் 8,28,000 பக்கம், தாண்டினா 1,72,000 பக்கம். மண்டல எண்ணைச் சொல்லாம கட்ட எண்ணை மட்டும் கொடுக்கிறது பாதி முகவரி.

இவ்வளவும் வடக்கு மேலே இருக்கிற படத்துலதான் புரியும்.

ஏணிவண்டி
எண் சொன்னது பயனுள்ளது, ஒத்துக்கறேன். கடைசி வரி எதுக்கு?

வடதிசை
கடைசி வரிதான் விஷயம்.

அழைப்பு_மேசை
பட்டன் ஃபோன்ல கூப்பிடுறவருக்கு அட்சரேகை எங்கே தெரியும்? டவர் சொல்ற இடம் கிராமத்துல கிலோமீட்டர் கணக்குல தள்ளி இருக்கும். "புதூர்"னு மட்டும் சொன்னா அந்தப் பேர்ல எத்தனையோ ஊர் இருக்கு. தாலுகா, ஊராட்சி, எந்த ஊர் பஸ் அங்கே வரும், ரேஷன் கடை எங்கே, இந்த வரிசையில கேட்டு ஊரை முடிவு பண்ணணும். ரயில் பாதையோரம்னா மின்கம்பத்துல கிலோமீட்டரும் கம்ப எண்ணும் எழுதியிருக்கும், அதை வாசிக்கச் சொல்லணும். ஊருக்கு வெளியே ஒரு ஆளை டார்ச்சோட நிக்க வைக்கச் சொல்லணும். இதை விட்டுட்டு…

நெறியாளர்
பழைய விவாதங்களை இங்கே இழுக்க வேண்டாம். தலைப்போட நில்லுங்க.

வடதிசை
தலைப்புலதான் நிக்கறேன். தலைப்புல முதல் சொல்லே "வடக்கு".

இரவுப்பணி
தலைப்பு வெச்சது நான். அது கேள்வி, உங்க பதில் இல்ல. 22 மீட்டருக்கு இன்னும் நீங்க ஒரு வார்த்தை சொல்லல.

வடதிசை
கிளம்புறதுக்கு முன்னாடி படத்தை ஒரு நிமிஷம் பார்த்து, கடைசி மூணு திருப்பத்தை மனப்பாடம் பண்ணிட்டு ஏறினா அந்த ரெண்டு செகண்டே தேவைப்படாது. எப்படி மனப்பாடம் பண்ணுவீங்க? வடக்கு மேலே வெச்சுத்தான்.

இரவுப்பணி
அந்த ஒரு நிமிஷம் வண்டி நிலையத்துலயே நிக்குமே, அது யார் கணக்கு?