வேதமே மனப்பாடமா இருக்கறப்ப இறையியல் படிப்பு எதுக்கு?

ஈசூன்_தம்பி
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க சபை தமிழ் ஆராதனையில நாலு வருஷமா செல் குரூப் (வீட்டுல கூடுற சின்ன ஜெபக்குழு) நடத்துறேன், போன மாசம் பாஸ்டர் கூப்பிட்டு, தம்பி உனக்கு பிரசங்கப் பொறுப்பும் குடுக்கப்போறோம், ராத்திரி கிளாஸ்ல சேந்து முறையா இறையியல் படின்னாரு. எனக்கு மனசு ஒப்பல. காரணம் எங்க பாட்டி. நாகர்கோவில்ல மூணாங்கிளாஸோட நின்னவங்க, கல்யாணமாகி இங்க சிங்கப்பூருக்கு வந்தவங்க. சாகற வரைக்கும் காலைல நாலரைக்கு எழுந்து, எங்க தூக்கம் கெடக்கூடாதுன்னு கிச்சன் லைட்ட மட்டும் போட்டுட்டு முழங்கால்ல நிப்பாங்க. அவங்க பைபிள் முதுகு பிஞ்சு பிரவுன் டேப் ஒட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்கும், 91ம் சங்கீதத்து ஓரத்துல தாத்தாவ ஆஸ்பத்திரில சேத்த தேதி பென்சில்ல எழுதியிருக்கும். அந்த விசுவாசம் எந்த காலேஜ்ல கிடைக்கும்? மாமாவும் "எழுத்து கொல்லுகிறது"ன்னு வசனமே இருக்குடா, படிச்சா ஆவி அணைஞ்சிரும்ங்கறாரு. பேதுருவும் யோவானும் படிப்பறியாதவங்கதானே. எனக்கு ஷிஃப்ட் வேலை வேற, பிள்ளைங்க சின்னது. படிச்சவங்க சொல்லுங்க, நிஜமாவே தேவையா?

செங்காங்_அக்கா
தம்பி, மாமா சொன்ன வசனத்துக்கு அடுத்த வசனத்தையும் வாசிங்க (2 கொரிந்தியர் 3:7). கல்லுல பதிஞ்ச எழுத்துன்னு வரும், பவுல் அங்க பேசுறது மோசே நியாயப்பிரமாணத்த பத்தி, படிப்ப பத்தி இல்ல. எழுதுன பவுலே கமாலியேல்ங்கற யூத வேத போதகர் பாதத்துல படிச்சவரு.

நான் வேலைக்கு போய்க்கிட்டே பார்ட் டைமா படிச்சேன். அதுக்கு முன்னாடி வேலை போனவங்க, உடம்பு முடியாதவங்க, யாரு வந்தாலும் எரேமியா 29:11தான் குடுப்பேன், "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே"ன்னு சொல்லி ஜெபிச்சு அனுப்பிருவேன். கிளாஸ்லதான் முதல்தடவையா 10ம் வசனத்த கவனிச்சேன். பாபிலோனுக்கு சிறைபோனவங்களுக்கு எழுதுன கடிதம் அது, எழுபது வருஷம் முடிஞ்ச பிறகுதான் திரும்பி வருவீங்கன்னு இருக்கு. கேட்ட பாதிப்பேரு ஊர் திரும்பியே இருக்க மாட்டாங்க! அப்புறம் கேன்சர்ல இருந்த ஒரு ஆண்ட்டிய பாக்கப் போனப்ப சீக்கிரம் சரியாயிரும்னு சொல்ல வாய் வரல. கைய பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அவங்களும் அழுதாங்க. முன்னாடி நான் ஆறுதல் சொன்னவங்கள்ல ஒருத்தரும் என் முன்னாடி அழுதது இல்ல.

புக்கிட்_பாத்தோக்_அண்ணன்
அக்கா சொல்றது சரி, ஆனா மாமா பயத்தையும் லேசா எடுத்துக்காதீங்க. எனக்கே நடந்தது. மூணு வருஷம் முழுநேரமா படிச்சேன், ரெண்டாவது வருஷத்துல பைபிள தொறந்தாலே அசைன்மெண்ட் ஞாபகம்தான், ஜெபத்துல உக்காந்தா வார்த்தையே வராது, யாராவது சாட்சி சொன்னா உள்ளுக்குள்ள தப்பு தேடுவேன். வீட்டம்மாதான் ஒரு நாள் சொன்னா, நீங்க இப்பல்லாம் பிள்ளைங்களுக்கு ஜெபம் பண்ணி தூங்க வைக்கறதே இல்லன்னு. அன்னைலேர்ந்து நோட்ஸ் இல்லாம தனியா ஒரு பைபிள் வச்சிருக்கேன், அதுல கோடு போடறதில்ல. படிங்க தம்பி, ஆனா பாட்டியோட நாலரை மணிய விட்ராதீங்க.

பழைய_விசுவாசி
ஒன்னு யோசிச்சு பாருங்க தம்பி. பாட்டி கையில தமிழ் வேதம் எப்படி வந்தது? 1706ல தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பிள்ளைங்களோட பிள்ளையா தரையில உக்காந்து மணல்ல அ ஆ எழுதி தமிழ் கத்துக்கிட்டாரு, கிரேக்கத்துலேர்ந்து பெயர்த்த புதிய ஏற்பாடு 1715ல அச்சாச்சு. அவரு படிக்காம இருந்திருந்தா? இங்கயே டிரினிட்டி இறையியல் கல்லூரி 1948ல ஆரம்பிச்சது, அந்த யோசனை பிறந்ததே ஜப்பான்காரன் காலத்துல சாங்கி சிறையில, அடைபட்டுக் கிடந்த சபைத் தலைவர்கள் நடுவுல. பசியோட உள்ள இருந்தவங்க நாளைக்கு ஊழியர்கள எப்படி பயிற்றுவிக்கறதுன்னு பேசியிருக்காங்க, அத நினைச்சா எனக்கு கண்ணு கலங்கும். பேதுரு படிக்கலதான், மூணு வருஷம் யாரு கூட இருந்தாருன்னு மாமாகிட்ட கேளுங்க.

ஈசூன்_தம்பி
எல்லாருக்கும் நன்றி, அண்ணன் சொன்னத வீட்டுக்காரிகிட்ட வாசிச்சு காட்டினேன். ராத்திரி பாட்டி பைபிள எடுத்து 2 கொரிந்தியர் 3 பாக்கலாம்னு புரட்டுனா கை ரோமர்ல நின்னுச்சு. 9ம் அதிகாரத்து ஓரத்துல மூணு இடத்துல பென்சில்ல கேள்விக்குறி. இத்தனை வருஷம் அந்த பைபிள் என்கிட்டதான் இருக்கு, ஒரு தடவை கூட கவனிச்சதில்ல. பாட்டிக்கும் கேக்கணும்னு இருந்திருக்கு, யார்கிட்ட கேட்டிருப்பாங்க? நாளைக்கு பாஸ்டருக்கு போன் பண்றேன். அக்கா, ஷிஃப்ட் மாறி மாறி வர்றவங்களுக்கு ஒரு டெர்முக்கு ஒரு பாடம் மட்டும் எடுக்க விடுவாங்களா?