தொற்றோடு தனியாக இருக்கும் நண்பன், வெளியே கலவரம்: எப்படி விசாரிப்பது?

இரவுநடை (கேள்வி)

கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் சிலர் இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். அதில் ஒருவன் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அவனுக்குக் கொரோனா பாசிட்டிவ் வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் நேரத்தில்தான் அந்தப் பகுதியில் போராட்டம் கலவரமாக மாறியது. மாலையானால் ஊரடங்கு, தெருமுனையில் போலீஸ், இரவில் ஏதோ வெடிக்கிற சத்தம். அவனாலும் வெளியே வர முடியாது, யாரும் அவனிடம் போகவும் முடியாது.

ஆரம்பத்தில் குழுவில் நிறையப் பேசினான். இப்போது 'எப்படிடா இருக்க?' என்று கேட்டால் 'இருக்கேன்டா' என்பதோடு சரி. ஃபோன் அடித்தால் எடுப்பதில்லை, ரொம்ப நேரம் கழித்து 'தூங்கிட்டேன்' என்று மெசேஜ் வருகிறது. நாங்கள் எல்லோரும் தனித்தனியாக அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், ஒருத்தன் அந்த ஊர் கலவர வீடியோக்களை வேறு குழுவில் போட்டு 'இது உன் தெருவா?' என்கிறான்.

விடாமல் கேட்டால் தொந்தரவாகிவிடுமோ என்றும் இருக்கிறது, கேட்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றும் இருக்கிறது. இப்படி இருந்தவர்களோ, இப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்களோ இருந்தால் சொல்லுங்கள்.

வேப்பங்காற்று

2020 ஊரடங்கில் உங்கள் நண்பனின் நிலையில் இருந்தவள் நான். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். 'எப்படி இருக்க?' என்பது கேட்பவருக்குச் சின்னக் கேள்வி, படுத்துக் கிடப்பவருக்குப் பெரிய வேலை. உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவார்கள், உடனே நாலு பேர் கூப்பிடுவார்கள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் தெம்பு இருக்காது, அதனால் 'இருக்கேன்' என்று முடித்துவிடுவோம். உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு ஒரு தோழி இருந்தாள். அவள் என்னிடம் எதையுமே கேட்கவில்லை. சாயங்காலம் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். கீபோர்டு தட்டுகிற சத்தம், நாற்காலியை இழுக்கிற சத்தம், நடுவில் வீட்டில் யாரிடமோ 'அந்த ஜன்னலைச் சாத்து, காகிதமெல்லாம் பறக்குது' என்று சொல்வது, எல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நான் போர்வைக்குள் கிடப்பேன். ஒரு வார்த்தைகூடப் பேசாமலே வைத்த நாட்கள் உண்டு. அப்படி இருக்கும்போது ஒருநாள் நானாகவே 'ரொம்ப பயமா இருக்குடி' என்றேன். கேட்டிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு எழுத்தில் பதில் சொல்கிற மாதிரி கேளுங்கள். 'காய்ச்சல் விட்டுச்சா?', 'ராத்திரி தூங்க முடிஞ்சுதா?' போதும். சும்மா ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினால் 'பதில் போடாதே, கேட்டுட்டுத் தூங்கு' என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பதில் எழுத வேண்டிய மெசேஜ்கள் குவிந்து கிடப்பதைப் பார்ப்பதே நோயாளிக்கு ஒரு பாரம்.

அந்த வீடியோக்களை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே கேட்பதையே தாங்க முடியாமல் இருப்பவனுக்கு அதை ஃபோனிலும் ஏன் காட்ட வேண்டும்?

எண்ணும்எழுத்தும்

தொந்தரவாகுமோ என்ற தயக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதனாலேயே நிறையப் பேர் விசாரிக்காமல் இருந்துவிடுகிறார்கள். 2022இல் பெகி லியு என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 5,900 பேருக்கு மேல் கலந்துகொண்ட பல சோதனைகளை வைத்து எழுதியது. சும்மா ஒரு வரி விசாரித்து அனுப்புகிறவர், அது மறுமுனையில் இருப்பவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார் என்பதுதான் அதில் தெரிந்தது. எதிர்பாராத நேரத்தில் வந்தால் பெறுகிறவருக்கு அதன் மதிப்பு இன்னும் கூடுகிறது.

இன்னொன்று, அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2021இல் வெளியிட்டது. பழைய நண்பரிடம் ஃபோனில் பேசினால் சங்கடமாக இருக்கும், எழுதிவிடுவதே மேல் என்று மக்கள் நினைக்கிறார்கள். ஆனால் பேசிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கடம் வரவில்லை, எழுதியவர்களைவிட நெருக்கம் கூடியது. அந்த நெருக்கத்துக்குக் குரலே போதுமாக இருந்தது, முகம் தெரிவதால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. அதனால் காய்ச்சல்காரனை வீடியோ காலுக்கு வா என்று கூப்பிட வேண்டியதே இல்லை. தலை வாராமல், சட்டை மாற்றாமல் கிடப்பவன் கேமராவுக்குப் பயந்தே ஃபோனை எடுக்க மாட்டான்.

இரவுநடை

நன்றி. வேப்பங்காற்று, நீங்கள் எழுதியதை அப்படியே அவனுக்குச் சொல்லாமல், 'நான் வேலை பார்க்கப் போறேன், லைன்ல சும்மா இரு' என்று மட்டும் அனுப்பினேன். எடுத்தான். ரொம்ப நேரம் இருமல் சத்தம் மட்டும் வந்தது, அப்புறம் 'இப்பதான் ஒரு வண்டி கத்திக்கிட்டுப் போச்சு, உனக்குக் கேட்டுச்சா?' என்றான். பல நாள் கழித்து அவனாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

வீடியோவும் நின்றுவிட்டது. இப்போது அங்கே நெட்டை நிறுத்தப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அப்படி ஆனால் என்ன வழி?

கரைசேர்

நெட் இருக்கும்போதே செய்ய வேண்டியவை நிறைய உண்டு, தள்ளிப்போடாதீர்கள். நான் இருந்த இடத்தில் ஒருமுறை கலவரத்தின்போது இணையம் நின்றது, முன்கூட்டியே பேசி வைத்திருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது.

முதலில் நேரம். காலையில் ஒன்று, இரவு ஊரடங்கு தொடங்கியபின் ஒன்று என்று இரண்டு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவன் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் 'நன்றாக இருக்கிறேன்', இரண்டு முறை கொடுத்தால் 'கூப்பிடு' என்று வைத்துக்கொள்ளலாம். குறித்த நேரம் தவறினால் எவ்வளவு பொறுப்பது, அதற்கப்புறம் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அவனிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். வீட்டுக்காரரோ, பக்கத்து அறைக்காரரோ, அவனோடு வேலை செய்கிறவரோ, அதே கட்டடத்திலோ அடுத்த தெருவிலோ இருக்கிற ஒருவரின் எண் உங்களிடம் இருக்க வேண்டும். அவன் சம்மதத்தோடு வாங்குங்கள். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாம் பத்துப் பேர் பதறுவதைவிட, கதவைத் தட்டிப் பார்க்கக்கூடிய ஒருவர் மேல்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு லைன் கிடைக்காமல் போகும்போது சாதாரண எஸ்எம்எஸ் போட்டுப் பாருங்கள். அதற்கு நெட்வொர்க்கில் மிகக் குறைந்த இடம் போதும், உடனே போகாவிட்டாலும் காத்திருந்து போய்ச் சேர வாய்ப்பு அதிகம். சில நேரம் அதையும் நிறுத்திவிடுகிறார்கள் என்பதால்தான் பக்கத்து ஆள் எண் அவசியம் என்கிறேன். முக்கியமான எண்களை ஒரு காகிதத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஃபோனையும் பவர் பேங்க்கையும் மின்சாரம் இருக்கும்போதெல்லாம் முழுதாகச் சார்ஜ் போட்டு வைக்கட்டும்.

சத்தம் கேட்டால் ஜன்னல் ஓரம் போய் வீடியோ எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், உள்பக்க அறையோ சுவர் ஓரமோ போதும். 'இது உன் தெருவா?' மாதிரி கேள்விகளைப் பெரிய குழுக்களில் கேட்காதீர்கள், அவன் இருக்கும் இடம் தெரியாத நாலு பேருக்குத் தெரிய வேண்டாம். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வருகிற செய்தி பல கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரலில் இருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறி இருந்தால் அவனுக்கு அனுப்பவே வேண்டாம். எந்தச் சாலை திறந்திருக்கிறது, ஊரடங்கு எத்தனை மணிக்குத் தளர்கிறது, இது மாதிரி அவனுக்குப் பயன்படும் ஒன்றிரண்டை மட்டும் நீங்கள் சரிபார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வெள்ளுடை

செவிலியராக இருக்கிறேன். மற்றவர்கள் சொன்னதெல்லாம் சரி, ஆனால் நீங்கள் தைரியமாக நேராகக் கேட்டே ஆக வேண்டிய சில கேள்விகள் உண்டு, அதில் தயக்கம் வேண்டாம்.

கொரோனா சிலருக்கு முதல் சில நாட்கள் லேசாக இருந்துவிட்டு ஒரு வாரம் ஆகும்போது மோசமாகும். அறிகுறி தொடங்கி இன்று எத்தனையாவது நாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். லைனில் இருக்கும்போது அவன் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்கிறானா என்று கவனியுங்கள், அதைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். கையில் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி) இருந்தால் அளவு கேளுங்கள். 94க்குக் கீழே வந்தால் உடனே மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். மூச்சுத் திணறல், விடாத நெஞ்சுவலி, பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் எழாத தூக்கம், உதடு நீலமாவது, இவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஊரடங்கு நேரத்தில் அவன் பகுதிக்கு ஆம்புலன்ஸ் எந்த எண்ணில் வரும் என்பதை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனம் பற்றியும் சொல்ல வேண்டும். தொற்றின் முதல் வருடத்திலேயே பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. ஒற்றை வார்த்தைப் பதில் பெரும்பாலும் களைப்புதான். ஆனால் 'இருந்து என்ன ஆகப்போகுது', 'நான் இல்லேன்னா யாருக்கு என்ன' என்ற மாதிரி பேச்சு வந்தால் 'அப்படியெல்லாம் பேசாதேடா' என்று வாயை அடைத்துவிடாதீர்கள். 'செத்துடலாம்னு தோணுதா?' என்று அமைதியாக நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்கு அதை வெளியே சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே நிம்மதியாக இருக்கும். ஆமாம் என்றால் லைனை வைக்காதீர்கள். இன்னொரு ஃபோனில் அந்தப் பக்கத்து ஆளையும், அவன் ஊரில் இருக்கும் உதவி எண்ணையும் கூப்பிடுங்கள். இந்த மாதிரி நேரத்தில் நண்பன் ஒருவனே எல்லாவற்றையும் சுமக்கப் பார்க்கக் கூடாது.

தனிவழி

எல்லோருக்கும் குரல் ஒத்துவரும் என்று நினைக்க வேண்டாம். எனக்கெல்லாம் ஃபோன் அடித்தாலே நெஞ்சு படபடக்கும், என் நண்பர்களும் நானும் ஆன்லைனில் சதுரங்கம் ஆடியே அந்தக் காலத்தைக் கடந்தோம். ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல் வந்தால் ஆள் இருக்கிறான் என்று தெரிந்துவிடும். உங்கள் நண்பன் லைனில் வந்துவிட்டான் என்பதால் சரி, ஒருநாள் வேண்டாம் என்றால் விட்டுப்பிடியுங்கள். 'கடைசியாக ஆன்லைனில் இருந்தது எப்போது' என்று பார்த்து 'முழிச்சுதானே இருக்க, ஏன் எடுக்கல?' என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள், கண்காணிக்கிறார்கள் என்று தோன்றிவிட்டால் இருக்கிற ஒரு வார்த்தையும் நின்றுபோகும்.

அப்புறம் இதை நீங்கள் ஒருவரே செய்யாதீர்கள், இரவுநடை. உங்கள் பெயரைப் பார்த்தாலே தூங்குவதில்லை என்று தெரிகிறது. அவன் இல்லாமல் ஒரு தனிக் குழு தொடங்கி முறை வைத்துக்கொள்ளுங்கள், இன்று ஒருவர், நாளை இன்னொருவர். முறையில் இருப்பவர் மட்டும் அவனிடம் பேசிவிட்டு மற்றவர்களுக்கு இரண்டு வரி போடட்டும், அவனும் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இதை அவனுக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம், 'இனிமே ஒருத்தன்தான் கூப்பிடுவான், மத்தவங்களுக்கு அவன் சொல்லிடுவான்' என்று சொல்லிவிடுங்கள். வீடியோ போட்ட அந்த நண்பனுக்கும் ஒரு முறை கொடுங்கள், அக்கறை இருந்ததால்தானே அவனும் கேட்டிருக்கிறான்.