புதுப்பிப்பு: வைத்தியச்சிக் கிழவியின் பொறாமை

என் மாயக் கதைக்கு முன்கதையாக ஒரு குறுநாவல் எழுதுகிறேன், பொதிகை அடிவாரத்துக் கிழ வைத்தியச்சி தன் மாணவியைக் கண்டு பொறாமைப்படுவதை எப்படிக் காட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். அகத்தியரின் சீடரான தேரையர் என்ற சித்தரின் கதையைப் பார்க்கச் சொன்னீர்கள். அரசனின் மண்டையைத் திறந்த அகத்தியர் மூளைமேல் தேரையைக் கண்டு திகைத்து நிற்க, சீடன் பாத்திரத்துத் தண்ணீரைக் காட்டி அதைக் குதிக்கவைத்தான் என்பார்கள். எல்லோரும் சீடனின் சாமர்த்தியத்தையே மெச்சுகிறார்கள். எனக்கோ, அந்தக் கணத்தில் குருவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதில்தான் கண்.

கிழவி வாய்விட்டுத் திட்டும் மூன்று காட்சிகளையும் வெட்டிவிட்டேன். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த தோழி புடக் கணக்கு, அதாவது மருந்தை வறட்டி நெருப்பில் எரித்தெடுக்க எத்தனை வறட்டி என்ற கணக்கு, சொன்னாள்: காடைப் புடத்துக்கு 1 வறட்டி, கவுதாரிப் புடத்துக்கு 3, வராகப் புடத்துக்கு 50. பிடித்துக்கொண்டேன். மாணவி ஐம்பதை எண்ணி அடுக்கிவிட்டு உறங்கப் போகிறாள். இருட்டில் வந்த கிழவி பத்தை உருவிவிடுகிறாள்; சூடு குறைந்தால் பற்பம் என்னும் மருந்துச் சாம்பல் கெடும். திண்ணையில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை முனகுகிறது. கிழவி பத்தையும் திரும்ப அடுக்கி, தன் கையாலேயே நெருப்பு வைக்கிறாள். விடிந்ததும் ஊர் மாணவியைக் கொண்டாடுகிறது. இந்த ஒரு பக்கத்துக்கு எட்டு நாள் ஆயிற்று.

மற்றபடி முதல் வரைவு முடிந்தது. தாமிரபரணிக்கு மாயப் பெயர் சூட்டச் சொன்னவர்கள் மன்னிக்க வேண்டும். பழைய பெயரான பொருநையே போதும் என்று விட்டுவிட்டேன்.